புளூடூத் ஓபிடி ஸ்கேனர்: நீலப் பெட்டியா, நல்ல பெட்டியா?

டாஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் லைட் எரிந்தால் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வழக்கமாக நடப்பது இதுதான்: மெக்கானிக் ஸ்கேனரை மாட்டுவார், எர்ரரைப் பார்ப்பார், அழிப்பார், ஸ்கேன் காசு வாங்குவார். நாலு நாளில் லைட் மறுபடி எரியும். என்ன எர்ரர், எந்த நம்பர் என்று வண்டிக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. காரின் பழுதைப் படிக்கும் ‘ஓபிடி’ போர்ட்டில் மாட்டுகிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய புளூடூத் ஸ்கேனர் இந்த ஒன்றைத்தான் மாற்றுகிறது. நம்பர் உங்கள் கைக்கு வரும். அதோடு ஓடுகிற என்ஜினின் உஷ்ணம், வோல்டேஜ், பெட்ரோல் கணக்கு எல்லாம் போன் திரையில் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் பேசும்போது பேச்சு வேறு மாதிரி போகும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல, எல்லா வண்டிக்கும் ஆகாது.

சந்தையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பெயரில்லாத நீலப் பெட்டி. மேலே ‘ஈஎல்எம் 327’ என்று அச்சடித்திருக்கும். இன்னொன்று, வீகேட் ஐகார் ப்ரோ போல இரண்டாயிரத்துக்கு மேல் விலையுள்ளது. ஓபிடிலிங்க் எம்எக்ஸ் பிளஸ் இதற்கும் மேல். நம் ஊர் மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் அவ்வளவு தேவையில்லை.

ஈஎல்எம் 327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் செய்த சிப். முதல் பதிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க நகல் பெருகியது. கம்பெனி 2022-இல் மூடப்பட்டது. நகல்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், பல பெட்டிகளில் ‘வெர்ஷன் 1.5’ என்று போட்டிருக்கும். அப்படி ஒரு வெர்ஷனை அசல் கம்பெனி வெளியிட்டதே இல்லை. ‘வெர்ஷன் 2.1’ என்று வருவதில் பெரும்பாலானவை இன்னும் மோசம். நம்பர்தான் பெரிசு, உள்ளே பாதிக் கட்டளை கிடையாது. விளம்பரத்தில் 1.5 என்று பார்த்துவிட்டு வாங்கினால் 2.1 வந்து சேர்வதும் சாதாரணம்.

மலிவுப் பெட்டி எங்கே சறுக்கும் என்று குறிப்பாகச் சொல்லலாம். இன்றைய கார்களில் என்ஜின் கம்ப்யூட்டர் ‘கேன் லைன்’ என்ற இரட்டை ஒயரில் பேசுகிறது. ஒரு தடவைக்கு எட்டு பைட் அனுப்பும். அதில் ஒன்று கணக்குக்குப் போக, செய்திக்கு ஏழு. எர்ரர் கேட்டால் பதிலின் முதல் இரண்டு பைட் தலைப்புக்குப் போய்விடும். ஒவ்வொரு எர்ரருக்கும் இரண்டு பைட். ஆக ஒரே தடவையில் இரண்டு எர்ரர்தான் அடங்கும். மூன்றாவது இருந்தால் பதில் துண்டு துண்டாக வரும். அவற்றை வரிசையாகக் கோத்து எடுப்பது பெட்டியின் வேலை. மட்டமான நகல் இங்கேதான் தடுமாறும். சில சமயம் இரண்டைக் காட்டிவிட்டு நின்றுவிடும், சில சமயம் இல்லாத நம்பரைக் காட்டும். ஒரு எர்ரர் உள்ள வண்டியில் நன்றாக வேலை செய்த பெட்டி, ஐந்து எர்ரர் உள்ள வண்டியில் உளறுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த தொல்லை பேட்டரி. ஓபிடி போர்ட்டில் மொத்தம் 16 பின். 16-வது பின்னில் சாவி போட்டாலும் போடாவிட்டாலும் பேட்டரி கரன்ட் இருக்கும். நீலப் பெட்டி எப்போதும் விழித்திருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-அவர். சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. பதினைந்து நாளில் 14 போய்விடும். வண்டியின் சொந்தச் செலவு தனி. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனவர்களின் கார் மாதக்கணக்கில் வீட்டில் நிற்கிற ஊர் இது. இதை மாட்டிவிட்டுப் போனால், திரும்பி வந்து சாவியைத் திருப்பும்போது ‘டக் டக்’ சத்தம் மட்டும்தான் வரும். ஐகார் ப்ரோ வண்டி நின்ற பிறகு தானே தூங்கிவிடும். ஆனாலும் வேலை முடிந்ததும் கழற்றி வைப்பதே சரி. முழங்கால் இடித்து போர்ட் உடையாது. 1234 என்ற பாஸ்வேர்டை வைத்துப் பக்கத்து வண்டிக்காரர் இணைவதும் நடக்காது.

எந்த வண்டிக்கு ஆகும்? இந்தியாவில் பிஎஸ் 4 வண்டிகளுக்கு ஓபிடி முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 என்ற முழுத் தரம் 2013 ஏப்ரலிலும் வந்தது. 2013-க்குப் பிந்தைய கார் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். 2010-க்கும் 2013-க்கும் நடுவில் உள்ளவற்றில் பெரும்பாலும் ஓடும், சிலவற்றில் பாதிதான் தெரியும். அதற்கு முந்தைய எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டரே பெட்ரோல் பீய்ச்சும்) வண்டிகளில் 16 பின் போர்ட் இருந்தாலும் கம்பெனியின் சொந்த மொழி பேசும். இந்தப் பெட்டிக்குப் புரியாது. டிராக்டர், அறுவடை மெஷின், லாரி ஆகியவற்றுக்கு இதை நினைக்கவே வேண்டாம். அவற்றின் மொழியும் போர்ட்டும் வேறு. 24 வோல்ட் வண்டியில் மாட்டினால் பெட்டி புகைந்துவிடக்கூடும். பிஎஸ் 6 பைக்கில் சிவப்பு நிற 6 பின் கப்ளர் இருக்கும். தனி ஒயர் வாங்கிச் சேர்த்தால் பல மாடல்களில் படிக்கலாம்.

போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஐபோனுக்கு மலிவான பழைய ரக புளூடூத் பெட்டி இணையவே இணையாது. புது ரக புளூடூத்தான ‘பிஎல்இ’ அல்லது ‘4.0’ என்று போட்டதையோ வைஃபை ரகத்தையோ எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு இரண்டும் ஓடும். வைஃபை பெட்டியில் இன்டர்நெட் கிடையாது என்பதால் போன் அதை உதறிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை அணைத்துவிட்டு இணையுங்கள். ஆப்பில் முகவரி 192.168.0.10, போர்ட் 35000 என்று இருக்க வேண்டும்.

மாட்டும் விதம். சாவியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டிப் பக்கம் கையை விட்டுத் தடவினால் போர்ட் தட்டுப்படும். நேராக அழுத்துங்கள். கோணலாகத் திணித்தால் பின் உள்ளே போய்விடும். விளக்கு எரியாவிட்டால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் போர்ட்டுக்கும் சிகரெட் லைட்டருக்கும், சிலதில் ரூம் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். போன் சார்ஜரில் ஷார்ட் ஆகி அது போயிருக்கும். பிறகு சாவியை ஆன் நிலையில் வையுங்கள். என்ஜின் ஓட வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு தடவை அழுத்தினால் போதும். பழைய ரகப் பெட்டி என்றால் போன் செட்டிங்ஸில் 1234 அல்லது 0000 கொடுத்து இணைக்க வேண்டும். பிஎல்இ ரகத்தைச் செட்டிங்ஸில் இணைக்கவே கூடாது. நேரே ஆப்புக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பெட்டி வேலை செய்யலை’ என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் தவறுவது இங்கேதான். ஆண்ட்ராய்டு 11 வரை லொகேஷன் அனுமதி கொடுக்காவிட்டாலும் பெட்டி கண்ணில் படாது.

ஆப்களில் ‘கார் ஸ்கேனர்’ என்பது நன்றாக இருக்கிறது. வண்டி கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. ‘டார்க்’ (Torque) என்ற ஆப் பழசு, ஆனால் உறுதி. முதல் தடவை புரோட்டோகாலை (வண்டி பேசும் மொழியை) ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். இணைந்த பிறகு எந்தப் புரோட்டோகால் என்று காட்டும். அதையே நிரந்தரமாக வைத்துவிட்டால் அடுத்த தடவை சட்டென்று இணையும்.

எர்ரர் வந்ததும் கை அழிக்கும் பட்டனுக்குத்தான் போகும். போகக்கூடாது. முதலில் ஸ்டோர்டு (உறுதியான எர்ரர்), பெண்டிங் (இன்னும் உறுதியாகாதது) இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு ஃப்ரீஸ் ஃப்ரேம். எர்ரர் விழுந்த நொடியில் வண்டி எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு வேகம், என்ஜின் சூடாக இருந்ததா குளிர்ந்து இருந்ததா என்ற குறிப்பு அதில் இருக்கும். மெக்கானிக்குக்கு நம்பரைவிட இதுதான் உதவும். அழித்தால் இதுவும் சேர்ந்து போகும். கம்ப்யூட்டர் கற்றுவைத்த பெட்ரோல் கணக்கும் பல வண்டிகளில் அழிந்து, சில கிலோமீட்டருக்கு ஐடில் ஆட்டம் காட்டும்.

நம்பரைப் படிப்பது கஷ்டமில்லை. பி (P) என்றால் என்ஜின், கியர். சி என்றால் பிரேக், சேஸிஸ். இன்னொரு பி (B) என்றால் பாடி. யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே பேச்சு அறுந்தது. ஆங்கில எழுத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதியிருக்கும் பி எல்லாம் என்ஜின் பி. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது. 1 என்றால் கம்பெனியின் சொந்த நம்பர், வேறு கம்பெனி அர்த்தத்தை நம்பக்கூடாது. பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். எர்ரர் பி 0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் 0302-ஆகவே நின்றால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர்.

டெல்டாவில் இந்தப் பெட்டிக்கு அதிக வேலை கொடுப்பது எலி. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி ஊருக்குள் வருகிறது. ராத்திரி நேரம் சூடாக இருக்கும் என்ஜின் அதற்கு நல்ல வீடு. வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்துப் பிடிக்கலாம், பானெட்டுக்குள் எங்கே கிட்டி வைப்பது? கடிபட்ட ஒயர் பெரும்பாலும் சென்சார் எர்ரராகத்தான் தெரியும். பி 0113 வந்தால் உள்ளே போகும் காற்றின் உஷ்ண சென்சார், பி 0118 வந்தால் கூலன்ட் உஷ்ண சென்சார். நம்பரைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடுவார்கள்; எர்ரர் அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது இது. லைவ் டேட்டாவில் அந்த உஷ்ணத்தைப் பாருங்கள். தஞ்சாவூர் வெயிலில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது, அல்லது சென்சார் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். ஒயர் வரும் பக்கக் கப்ளரின் இரண்டு பின்னையும் சின்ன ஒயர் துண்டால் இணையுங்கள். உஷ்ணம் மைனஸ் 40-இலிருந்து 130-க்கு மேல் பாய்ந்தால் கம்ப்யூட்டர் வரை ஒயர் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றலாம். அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் சென்சார் வாங்காதீர்கள், ஒயரைத் தேடுங்கள். இரண்டு ஒயர் உள்ள உஷ்ண சென்சாருக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. மூன்று, நான்கு ஒயர் கப்ளரில் 5 வோல்ட் லைன் இருக்கும். இணைத்தால் புதிதாக ஒரு பழுதை உண்டாக்குவீர்கள். சில கம்ப்யூட்டர்கள் சென்சார் போனதும் மைனஸ் 40-க்குப் பதில் தாமாக ஒரு சாதாரண உஷ்ணத்தைக் காட்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் அந்த எண் நகராமல் நின்றால் சந்தேகப்படுங்கள். ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுவது இன்னொரு அடையாளம்.

அறுவடைக் காலத்தில் எர்ரரே விழாத பழுது ஒன்றும் உண்டு. கதிர் அடிக்கும் மெஷின்களுக்குப் பின்னால் ஓட்டினால் பதரும் தூசும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்துகொள்ளும். கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. லைவ் டேட்டாவில் கூலன்ட் 85-க்கும் 100-க்கும் நடுவில் ஏறி இறங்க வேண்டும். ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், லைட் எரிவதற்கு முன்பே தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம். பல புதுக் கார்களில் உஷ்ண முள்ளே கிடையாது என்பதால் இந்த ஒன்றுக்காகவே பெட்டிக்குக் காசு கொடுக்கலாம்.

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் எர்த் பூத்துப்போகும். யு 0100, பி 0562 என்று சம்பந்தமில்லாத எர்ரர்கள் கொத்தாக வந்தால் முதலில் பேட்டரி முனையையும் பாடி எர்த்தையும் பாருங்கள். என்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில புது வண்டிகளில் இடையிடையே இறங்கும், அது பழுதல்ல. ஆப்பில் இரண்டு வோல்டேஜ் உண்டு. ஒன்று பெட்டி தானே அளப்பது, மற்றது என்ஜின் கம்ப்யூட்டர் சொல்வது. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ இணைப்பு கெட்டிருக்கலாம். ஆனால் மலிவுப் பெட்டியின் அளவே அரை வோல்ட் பொய் சொல்லும். ஒரு தடவை மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்கேனர் மாட்டுகிறேன் என்று சாவியைப் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றுவதுதான் முதல் வேலை.

பெட்ரோல் வண்டியில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது பி 0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதற்கு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது. அது தகவல் சொன்ன ஆள், தப்புச் செய்த ஆள் இல்லை. லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. கூட்டல் கழித்தல் பத்துக்குள் இருந்தால் சரி. ஐடிலில் கூட்டல் 20, 2500 ஆர்பிஎம்மில் 5 என்று இறங்கினால் எங்கோ ஹோஸ் வழியாகக் காற்று புகுகிறது. ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள். ஒரு விஷயம்: இது காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் வண்டிக்குச் சொன்னது. காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டிகளில் ஹோஸ் கசிந்தால் ட்ரிம் அவ்வளவு ஏறாது, ஐடில்தான் ஏறும். பி 0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் விலையைக் கேட்டு மயங்குவதற்கு முன் சைலன்சரில் கசிவு இருக்கிறதா, மிஸ்ஸிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

டீசலில் பி 0087 என்றால் ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயின் அழுத்தம், போதவில்லை. ஆப் இதை கிலோபாஸ்கலில் காட்டும். நூறால் வகுத்தால் பார். ஐடிலில் 250, 300 பார் வாக்கில் இருக்கும். பம்ப், இன்ஜெக்டர் என்று பேச்சு ஆரம்பித்தால், முதலில் டீசல் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுப் பாருங்கள்.

2020-க்குப் பிந்தைய பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் பி 2463 வந்தால் டிபிஎஃப்பில் (சைலன்சரில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரில்) கரி அடைத்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து தாராசுரம், திரும்ப வீடு என்று சின்ன ஓட்டமே ஓடும் வண்டிகளுக்கு இது வரும்; கரி எரியும் அளவுக்கு சைலன்சர் சூடேறுவதே இல்லை. ஓனர் மேனுவல் சொல்கிறபடி தஞ்சாவூர்–திருச்சி நாலு வழிச் சாலையில் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அந்த நேரம் டிபிஎஃப் 600 டிகிரியைத் தொடும். ரோட்டில் வைக்கோல் பரப்பியிருக்கும் கிராமத்துப் பாதையில் இதைச் செய்யாதீர்கள், வைக்கோல்மேல் வண்டியை நிறுத்தவும் நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

இந்தப் பெட்டியால் ஆகாதவையும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் எர்ரர்கள் பொதுத் தரத்துக்குள் வராதவை. ஆப்பில் உங்கள் மாடலுக்கான புரொஃபைல் இருந்தால் தெரியலாம், நல்ல பெட்டியில்கூட எல்லா வண்டிக்கும் தெரியாது. ‘எர்ரர் எதுவும் இல்லை’ என்று ஆப் சொல்வது என்ஜினுக்கு மட்டும்தான். ஏர்பேக் லைட் எரியும்போது அதை நம்பி ஓட்டக்கூடாது. இன்ஜெக்டர் கோடிங், புதுச் சாவி பதிவது, டிபிஎஃப்பை நிறுத்தி வைத்துச் சுத்தம் செய்வது எல்லாம் ஒர்க்‌ஷாப்பின் பெரிய ஸ்கேனர் வேலை.

வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். ஆப்பில் சேஸிஸ் நம்பரைப் படிக்கச் சொல்லுங்கள். மொத்தம் 17 எழுத்து. இந்தியாவில் செய்த கார் என்றால் பெரும்பாலும் ‘எம்’மில் ஆரம்பிக்கும். 17 எழுத்து ஒரே தடவையில் அடங்காது, துண்டு துண்டாகத்தான் வரும். ஆர்சி புக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். பாதியில் நின்றால், வேறு வண்டியிலும் ஒரு தடவை பாருங்கள். சில பழைய மாடல்கள் சேஸிஸ் நம்பரைச் சொல்வதே இல்லை. அங்கேயும் பாதிதான் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.